புதிய மாத்திரை எல்லோருக்கும் பொருந்துமா? இரத்த உறைவுத் தடுப்பு ஆய்வுகள் நடத்தப்படும் முறை

எங்கள் இதய நோய்ப் புறநோயாளிப் பிரிவில் வால்வு நோயாளிகளும் அவர்தம் உறவினரும் திரும்பத் திரும்பக் கேட்கும் வினா ஒன்று உண்டு. "எங்கள் தெருவில் ஒருவருக்கும் இதயத் துடிப்புக் கோளாறுதான். அவர் புது மாத்திரை சாப்பிடுகிறார். இரத்தப் பரிசோதனையே தேவையில்லையாம். எங்களுக்கு மட்டும் ஏன் மாதந்தோறும் ஐ.என்.ஆர். பார்க்கச் சொல்கிறீர்கள்?"

வினா முற்றிலும் நியாயமானது. ஒரு நாள் கூலியை இழந்து, பேருந்து ஏறி வந்து, வரிசையில் நின்று, ஊசி குத்திக்கொண்டு, மாலையில் முடிவு வாங்கிச் செல்பவரின் சிரமத்தை நாங்கள் அறிவோம். "மருத்துவர் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்" என்பது அதற்கு விடையாகாது. உண்மையான விடை 24 நாடுகளில் நான்காயிரத்து ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகள் பங்கேற்ற ஓர் ஆய்வில் இருக்கிறது. அந்த ஆய்வு எவ்வாறு வகுக்கப்பட்டது, அதன் முடிவு ஏன் பலரையும் வியப்பில் ஆழ்த்தியது என்பதை இவ்விதழில் விளக்க விரும்புகிறோம். நாளை உங்களிடமோ உங்கள் குடும்பத்தாரிடமோ ஓர் ஆய்வுக்கான ஒப்புதல் படிவம் நீட்டப்படும்போதும் இச்செய்திகள் பயன்படக்கூடும்.

இரத்தம் ஏன் உறைகிறது?

இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்கி விரியாமல் தாறுமாறாக நடுங்கும் நிலையை உங்கள் சீட்டில் ஏ.எஃப். என்று குறித்திருப்போம். இந்நிலையில் இடது மேலறையில் இரத்தம் தேங்குகிறது. அதன் ஓரத்தில் காது மடலைப் போல ஒட்டியிருக்கும் சிறு பையில் தேக்கம் மிகுதி. தேங்கிய இரத்தம் கட்டியாக உறைந்து, பின் பெயர்ந்து மூளைக்குச் சென்றால் பக்கவாதம் ஏற்படுகிறது. காலுக்கோ குடலுக்கோ சென்றால் அவ்விடத்தில் இரத்த ஓட்டம் அடைபடுகிறது.

சிறுவயதில் தொண்டை அழற்சியைத் தொடர்ந்து வந்த ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கிப் போனவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல். சுருங்கிய வால்வின் பின்னால், அணைக்கட்டின் பின் நீர் நிற்பது போல, இரத்தம் நிற்கிறது. அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் நகர மக்களை 1948 முதல் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வு, ஏ.எஃப். உள்ளவர்களுக்குப் பக்கவாத வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 5 மடங்கு என்றும், ருமாட்டிக் வால்வு நோயும் சேர்ந்திருந்தால் ஏறத்தாழ 17 மடங்கு என்றும் 1978-இல் அறிவித்தது. ஆகவே இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை இவர்களுக்கு இன்றியமையாதது. எந்த மாத்திரை என்பதே கேள்வி.

பழைய மருந்தின் பெருமையும் தொல்லையும்

வார்ஃபரின், அதன் உறவினமான அசினோகூமரால் ஆகியவை இங்கு நெடுங்காலமாக வழங்கப்படுகின்றன. அசினோகூமராலை 'அசிட்ரோம்' என்ற பெயரில் உங்களுள் பலர் அறிவீர்கள். வார்ஃபரினின் பிறப்புக் கதை சற்று விந்தையானது. 1920-களில் வட அமெரிக்காவில் பூஞ்சை பிடித்த ஒருவகைத் தீவனத்தைத் தின்ற மாடுகள் சிறு காயத்திலும் இரத்தம் நில்லாமல் மாண்டன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க் என்பவரின் ஆய்வுக்கூடம் அதற்குக் காரணமான வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் வழியில் உருவான வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1954-இல் மனிதருக்கான மருந்தாக ஏற்கப்பட்டது. அடுத்த ஆண்டு மாரடைப்புக்கு உள்ளான அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவருக்கும் அது கொடுக்கப்பட்டது. எலி மருந்து என்று கேள்விப்பட்டு அஞ்சி மாத்திரையை நிறுத்தியவர்கள் உண்டு என்பதால் இதைச் சொல்கிறோம். அளவுதான் மருந்தையும் நஞ்சையும் பிரிக்கிறது; அந்த அளவைக் காக்கவே ஐ.என்.ஆர். பரிசோதனை.

இம்மருந்து உடலில் வைட்டமின் கே செய்யும் வேலையைத் தடுக்கிறது. கீரையை ஒரு வாரம் மிகுதியாக உண்டு, அடுத்த வாரம் அறவே விட்டுவிட்டால் ஐ.என்.ஆர். ஏறி இறங்கும். வலி மாத்திரை, சில கிருமிக்கொல்லி மருந்துகள், சொல்லாமல் சேர்த்துக்கொள்ளும் நாட்டு மருந்துகள் ஆகியவையும் அதை மாற்றும். அளவு 2-க்குக் கீழே இறங்கினால் இரத்தம் உறையும் அபாயம். 3-ஐத் தாண்டி உயரும்போது இரத்தக் கசிவின் அபாயம். உலோக வால்வு பொருத்தியவர்களில் சிலருக்கு இந்த எல்லை சற்று உயர்த்தி வைக்கப்படும். இந்தக் குறுகிய பாதையில் ஆண்டுக்கணக்கில் நடப்பது எளிதன்று.

யார் சேர்க்கப்பட்டனர், யார் விடப்பட்டனர்

2009-க்குப் பின் நிலைமை மாறியது. தபிகாட்ரான் என்ற புதிய மாத்திரையை வார்ஃபரினுடன் ஒப்பிட்ட 'ரீ-லை' ஆய்வில் 18,113 பேர் பங்கேற்றனர். 2011-இல் ரிவராக்ஸபான் மாத்திரைக்கான 'ராக்கெட்' ஆய்வு 14,264 பேருடனும், அபிக்ஸபான் மாத்திரைக்கான 'அரிஸ்டாட்டில்' ஆய்வு 18,201 பேருடனும் வெளிவந்தன. பக்கவாதத் தடுப்பில் மூன்றும் வார்ஃபரினுக்கு இணையாகவோ மேலாகவோ இருந்தன. மூளைக்குள் இரத்தம் கசிவது மூன்றிலும் குறைவாக இருந்தது. ஐ.என்.ஆர். தேவையில்லை, கீரைக்குக் கணக்கு வேண்டியதில்லை. தெருவில் உள்ள அந்த நண்பர் உட்கொள்வது பெரும்பாலும் இவற்றுள் ஒன்றுதான். அவருக்கு அது சரியான மருந்து.

ஏன் இத்தனை ஆயிரம் பேர் என்று கேட்கலாம். வார்ஃபரின் உட்கொண்ட 100 பேரில் ஓராண்டில் உறைகட்டியாலோ பக்கவாதத்தாலோ பாதிக்கப்பட்டவர்கள், 'ரீ-லை' ஆய்வில், இருவருக்கும் குறைவு. இன்னொரு மருந்து அதை ஒருவராகக் குறைக்கிறதா என்பதை 100 பேரைக் கொண்டு அறிய முயன்றால், தற்செயலாக நிகழ்வது எது, மருந்தால் நிகழ்வது எது என்று பிரித்தறிய வழியே இராது. நன்மையின் அளவு சிறியதாக இருக்குமளவுக்கு அதைக் காண ஆள் தொகை பெரிதாக வேண்டும். "எங்கள் உறவினர் ஒருவருக்கு நன்றாக வேலை செய்தது" என்பது மனத்துக்கு ஆறுதல் தரும். மருந்தைத் தேர்ந்தெடுக்க அது போதாது.

ஆனால் இம்மூன்று ஆய்வுகளுக்கும் பொதுவான ஒரு செய்தியை நாளிதழ்கள் பெரிதாகச் சொல்லவில்லை. உலோக வால்வு பொருத்தப்பட்டவர்களும், மைட்ரல் வால்வு கணிசமாகச் சுருங்கியவர்களும் இவற்றில் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. ஆய்வை வகுப்போர் எவரைச் சேர்ப்பது, எவரை விடுவது என்று முதலிலேயே எழுதி வைப்பர். ஆபத்து மிகுந்தவரை விலக்குவதற்குக் காரணம் உண்டு. என்றாலும் ருமாட்டிக் வால்வு நோய் செல்வ நாடுகளில் ஏறக்குறைய மறைந்துவிட்ட நோய். இந்தியா, ஆப்பிரிக்கா போன்ற இடங்களில் நடுத்தர வயதுப் பெண்களை வாட்டும் நோய். உலகின் மாபெரும் ஆய்வுகள் அவர்களைத் தொடாமலே நடந்து முடிந்தன என்பது எங்கள் கருத்தில் ஒரு பெருங்குறை. ஒரு மருந்துக் குறிப்பைப் படிக்கும்போது "இந்த ஆய்வில் என்னைப் போன்றவர் இருந்தாரா?" என்ற கேள்வியையே முதலில் கேட்க வேண்டும்.

பதிவேடுகள் காட்டியதும் காட்டாததும்

இடைவெளியை நிரப்ப எளிய வழி ஒன்று இருப்பதாகத் தோன்றும். மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டி, பழைய மருந்து உண்டவர், புதிய மருந்து உண்டவர் ஆகிய இரு சாராரையும் ஒப்பிட்டுவிடலாமே? தென் கொரியாவில் அவ்வாறே செய்தனர். மைட்ரல் வால்வு சுருக்கம் உள்ள இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளை ஒப்பிட்டு 2019-இல் வெளியிட்டனர். புதிய மருந்து உட்கொண்டோரிடம் பக்கவாதமும் உறைகட்டியும் குறைவாகவே காணப்பட்டன. உலகெங்கும் நம்பிக்கை பிறந்தது. ஆய்வு முடியட்டும் என்று காத்திராமல் மருந்தை மாற்றிக் கொடுத்த மருத்துவர்களும் இருந்தனர்.

பதிவேட்டு ஒப்பீட்டில் ஒரு சிக்கல் எப்போதும் ஒளிந்திருக்கிறது. புதிய மருந்தை யாருக்கு எழுதுவது என்று தீர்மானிப்பவர் மருத்துவர். வசதி உள்ளவர், தவறாமல் வருபவர், மற்ற நோய்கள் குறைந்தவர் ஆகியோருக்கே விலை கூடிய புதிய மருந்து பெரும்பாலும் செல்லும். அவர்கள் எந்த மருந்து உண்டாலும் ஓரளவு நலமாகவே இருப்பர். பின்னர் கணக்குப் பார்க்கும்போது நோயாளியின் நல்ல நிலைமையை மருந்தின் நற்பலன் என்று நாம் எண்ணிவிடுகிறோம். புள்ளிவிவர முறைகளால் இதை ஓரளவு சரிசெய்யலாம். பதிவேட்டில் எழுதப்படாத வேறுபாடுகளை எந்தக் கணக்கும் சரிசெய்யாது.

அதனால்தான் குலுக்கல். யாருக்கு எந்த மருந்து என்பதை மருத்துவரும் தீர்மானிப்பதில்லை, நோயாளியும் தீர்மானிப்பதில்லை. கணினி சீட்டுக் குலுக்கிப் பிரிக்கிறது. வயது, வறுமை, நோயின் தீவிரம், குடும்பத்தின் கவனிப்பு, நாம் அறியாத இன்னும் எத்தனையோ கூறுகள் இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாகப் பங்கிடப்பட்டுவிடும். அதன் பின் வேறுபாடு தெரிந்தால் அதற்கு மருந்தே காரணம் என்று சொல்லத் துணியலாம். "எங்கள் உயிரைக் குலுக்கல் சீட்டில் வைப்பதா?" என்று மனம் வருந்துபவர்களுக்கு ஒன்று சொல்வோம். எது சிறந்தது என்று உலகில் எவருக்கும் உறுதியாகத் தெரியாதபோது மட்டுமே குலுக்கல் அறத்துக்கு உட்பட்டது. ஒன்று மேல் என்று ஏற்கெனவே தெரிந்திருந்தால் அந்த ஆய்வை நடத்தவே அனுமதி கிடையாது.

இவ்வகை ஆய்வு நம் மண்ணுக்குப் புதிதன்று. 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வொன்றில் 193 காசநோயாளிகள் வீட்டிலிருந்தே மருந்து உண்பவர், சானடோரியத்தில் தங்குபவர் என்று குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டனர். வீட்டுச் சிகிச்சையும் போதிய பலன் தரும் என்று அது காட்டியது. காசநோயாளியை ஆண்டுக்கணக்கில் குடும்பத்திலிருந்து பிரித்து வைக்கும் வழக்கம் உலகெங்கும் மறைய அதுவும் ஒரு காரணம்.

இன்விக்டஸ்

ருமாட்டிக் இதய நோயுடன் ஏ.எஃப். உள்ளவர்களுக்கென்றே வகுக்கப்பட்ட பெரிய குலுக்கல் ஆய்வு 'இன்விக்டஸ்'. கனடாவின் ஹாமில்டன் நகரிலுள்ள மக்கள் நல ஆய்வு நிறுவனம் அதை ஒருங்கிணைத்தது. ஸ்டூவர்ட் கானலியும், புது தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணேசன் கார்த்திகேயனும் அதை முன்னின்று நடத்தியவர்களுள் அடங்குவர். ஆசியா, ஆப்பிரிக்கா, இலத்தீன் அமெரிக்கா ஆகிய பகுதிகளின் 24 நாடுகளில் நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். இந்தியரும் அதில் உண்டு. இறுதிக் கணக்கில் வந்தவர் 4,531 பேர். சராசரி வயது 50-ஐ ஒட்டியது. நூற்றுக்கு எழுபத்திரண்டு பேர் பெண்கள். எங்கள் புறநோயாளிப் பிரிவின் காத்திருப்புக் கூடத்தை நினைவூட்டும் கணக்கு இது. ஒரு சாராருக்கு ரிவராக்ஸபான், மறு சாராருக்கு வார்ஃபரின் வகை மருந்து.

இதை வகுத்தவர்களின் முன் நின்ற முதல் கேள்வி, எதை நிரூபிக்க முயல்வது என்பது. புதிய மருந்து பக்கவாதத்தைப் பழையதைவிட அதிகமாகத் தடுக்க வேண்டும் என்பதில்லை. இணையாகத் தடுத்தாலே போதும். ஊசியும் பயணமும் மிச்சம். ஆகவே "பழையதைவிட மோசமன்று" என்று காட்டுவதே நோக்கமாக வைக்கப்பட்டது. இத்தகைய ஆய்வில், எவ்வளவு குறைந்தால் "மோசம்" என்று கொள்வது என்னும் எல்லையை ஆய்வு தொடங்கும் முன்பே எழுதிவிட வேண்டும். முடிவைப் பார்த்த பிறகு எல்லைக்கோட்டை நகர்த்த இடமில்லை.

அடுத்த கேள்வி, எதை எண்ணுவது. பக்கவாதத்தை மட்டுமா, மரணத்தையுமா? இன்விக்டஸ் குழுவினர் பக்கவாதம், உடலின் வேறிடத்தில் உறைகட்டி அடைப்பு, மாரடைப்பு, இதயம் அல்லது இரத்தக்குழாய் சார்ந்த மரணம், காரணம் அறியப்படாத மரணம் ஆகிய அனைத்தையும் ஒன்றாகச் சேர்த்து எண்ணினர். இந்தத் தேர்வு எவ்வளவு முக்கியமானது என்பது பின்னர் தெரியவரும்.

மூன்றாவது, மறைத்துக் கொடுப்பதா, வெளிப்படையாகக் கொடுப்பதா என்பது. எந்த மருந்து என்று நோயாளிக்குத் தெரிந்தால் மனமும் நடத்தையும் மாறக்கூடும். 'ராக்கெட்' ஆய்வில் இதற்காக மிகவும் மெனக்கெட்டனர். புதிய மருந்து உண்டவர்களுக்கும் போலி மாத்திரை கொடுத்து, போலியான ஐ.என்.ஆர். எண்ணும் கொடுத்து அளவை ஏற்றி இறக்கினர். இன்விக்டஸில் மருந்து வெளிப்படையாகவே கொடுக்கப்பட்டது. ஆனால் ஒருவருக்கு நேர்ந்தது பக்கவாதமா, மரணத்தின் காரணம் என்ன என்று தீர்ப்பளித்த குழுவினருக்கு அவர் எந்த மருந்து உண்டார் என்பது மறைக்கப்பட்டது. நீதிபதியின் கண்ணைக் கட்டிவிட்டால் சாட்சி யார் பக்கம் என்பது தீர்ப்பைக் கெடுக்காது என்ற எண்ணம்தான்.

சராசரியாக மூன்று ஆண்டுகளுக்குச் சற்று மேலாக நோயாளிகள் கவனிக்கப்பட்டனர். 2022 ஆகஸ்டில் ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரில் நடந்த ஐரோப்பிய இதய மாநாட்டில் முடிவு வெளியானது.

ரிவராக்ஸபான் உண்ட 2,275 பேரில் 560 பேருக்கு மேற்சொன்னவற்றுள் ஏதோ ஒன்று நேர்ந்தது. வார்ஃபரின் வகை மருந்து உண்ட 2,256 பேரில் அது 446 பேருக்கே நேர்ந்தது. மரணங்கள் 552-க்கு 442. அதாவது ஏறத்தாழ ஒரே அளவான இரு கூட்டங்களில், புதிய மருந்தின் பக்கம் 110 பேர் கூடுதலாக இறந்தனர். பக்கவாதமும் புதிய மருந்தின் பக்கமே அதிகம்: 90-க்கு 65. கடுமையான இரத்தக் கசிவு பழைய மருந்தில் 56 பேருக்கும் புதியதில் 40 பேருக்கும் ஏற்பட்டது. அந்த வேறுபாடு தற்செயலாகவும் நிகழக்கூடிய அளவினதே.

"மோசமன்று" என்று காட்ட வகுக்கப்பட்ட ஆய்வு, பழைய மருந்தே மேல் என்று காட்டி முடிந்தது. ஆய்வுக்குப் பணம் தந்தது ரிவராக்ஸபானைத் தயாரிக்கும் பேயர் நிறுவனம் என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். மருந்து நிறுவனம் பணம் தந்த ஆய்வு எப்போதும் அந்நிறுவனத்துக்கே சாதகமாக முடியும் என்று பலர் எண்ணுகின்றனர். அந்த ஐயம் எங்களுக்கும் உண்டு, அது தேவையும்கூட. ஆனால் விதிகள் முன்பே எழுதப்பட்டு, கணக்கை வேறு நிறுவனம் வைத்திருந்து, முடிவை வெளியிடும் உரிமையும் ஆய்வாளரிடம் இருந்தால் பணம் தந்தவருக்கு எதிரான முடிவும் வெளியே வரும்.

கூடுதல் மரணங்களில் பெரும்பகுதி திடீர் இதய மரணமும் இதயம் பலவீனமடைந்து நேர்ந்த மரணமும் ஆகும். பக்கவாதத்தால் மட்டும் நேர்ந்தவை அல்ல. பழைய மருந்து ஏன் அவற்றைக் குறைத்தது என்பது குறித்து இதய நோய் வல்லுநரிடையே இன்றும் விவாதம் நடக்கிறது. ஐ.என்.ஆர். பார்க்க வருபவர் அடிக்கடி மருத்துவரின் கண்ணில் படுவதால் மற்றக் குறைகளும் உடனுக்குடன் கவனிக்கப்பட்டிருக்கலாம் என்போர் உளர். அது மட்டும் இவ்வளவு வேறுபாட்டை விளக்காது என்போரும் உளர். எப்படியாயினும், பக்கவாதத்தை மட்டும் எண்ணி, மரணத்தை எண்ணாமல் விட்டிருந்தால் இந்தப் பெரிய வேறுபாடு கண்ணுக்குத் தப்பியிருக்கும்.

இன்னொரு விவரம் நோயாளிகளுக்கு நேரடியாகப் பயன்படும். ஆய்வில் சேர்ந்த நாளில் பழைய மருந்துக் குழுவினரில் மூவரில் ஒருவருக்கே ஐ.என்.ஆர். உரிய எல்லைக்குள் இருந்தது. ஆய்வுக் காலத்தில் அது நூற்றுக்கு 56 முதல் 65 பேர் வரை உயர்ந்தது. அதாவது வென்றது வெறும் மாத்திரை அன்று. அளவு பார்த்து, திருத்தி, மீண்டும் அளவு பார்த்த மாத்திரை. அதே சமயம், எல்லோருக்கும் எப்போதும் துல்லியமாக 2-க்கும் 3-க்கும் இடையில் இருந்துவிடவில்லை என்பதையும் பாருங்கள். ஒரு முறை எண் தவறிவிட்டது என்று மனம் சோர்ந்து மருந்தையே விட்டுவிட வேண்டியதில்லை.

உலோக வால்வு உடையோர்

இவர்களுக்கான விடை இன்னும் முன்னதாகவே கிடைத்துவிட்டது. தபிகாட்ரானை வார்ஃபரினுடன் ஒப்பிட்ட 'ரீ-அலைன்' ஆய்வு 252 பேரைச் சேர்த்த நிலையிலேயே நிறுத்தப்பட்டது. தபிகாட்ரான் உண்டவர்களில் 9 பேருக்குப் பக்கவாதம். வார்ஃபரின் பக்கம் ஒருவருக்கும் இல்லை. இரத்தக் கசிவும் புதிய மருந்தில்தான் மிகுதி. 2013-இல் வெளியான இம்முடிவுக்குப் பின், உலோக வால்வு பொருத்தியவர்களுக்கு அம்மருந்து கூடாது என்பது உறுதியாயிற்று. அபிக்ஸபானைக் கொண்டு ஒருவகை உலோக வால்வு உடையோரிடம் பின்னர் நடந்த 'புரோஆக்ட்' ஆய்வும் 2022-இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. அங்கும் உறைகட்டிகள் புதிய மருந்தின் பக்கமே கூடின.

இடையில் நிறுத்துவது எப்படி நடக்கிறது? ஒவ்வொரு பெரிய ஆய்வுக்கும், அதை நடத்துவோரைச் சாராத கண்காணிப்புக் குழு ஒன்று உண்டு. இரு பக்கக் கணக்குகளையும் ஆய்வு நடக்கும்போதே அக்குழு பார்த்துவரும். தீங்கு தெளிவானால் நிறுத்தச் சொல்லும். நன்மை தெளிவானாலும் அவ்வாறே. வார்ஃபரின் உண்ண இயலாத 5,599 ஏ.எஃப். நோயாளிகளுக்கு ஆஸ்பிரினா, அபிக்ஸபானா என்று பார்த்த 'அவெரோஸ்' ஆய்வு, ஆஸ்பிரின் பக்கம் பக்கவாதம் மிகுந்து நின்றதால் முன்கூட்டியே முடிக்கப்பட்டது. "ஆஸ்பிரின் ஒன்று போட்டால் போதாதா?" என்று கேட்போருக்கான விடையும் அதிலேயே உள்ளது.

உங்களிடம் படிவம் நீட்டப்படும்போது

"எங்களைச் சோதனை எலி ஆக்குகிறீர்களா?" என்று கோபத்துடன் கேட்டவர்கள் உண்டு. அந்தக் கோபத்தை நாங்கள் குறையாகக் கொள்வதில்லை. நம் நாட்டில் ஆய்வுகள் ஒழுங்கின்றி நடந்த காலமும் இருந்தது. அதன் விளைவாகவே விதிகள் கடுமையாக்கப்பட்டன. 2019-இல் நடைமுறைக்கு வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகள் விதிகளின்படி, பதிவு பெற்ற நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இன்றி எந்த மருந்து ஆய்வையும் தொடங்க இயலாது. அக்குழுவில் மருத்துவர் மட்டுமன்றிச் சட்டம் அறிந்தவரும் பொதுமக்களுள் ஒருவரும் பெண் உறுப்பினரும் இருக்க வேண்டும். பாதிப்பேராவது அந்த மருத்துவமனையைச் சாராதவராக இருக்க வேண்டும். ஆய்வால் உடல்நலக் கேடு நேர்ந்தால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் ஆய்வு பதிவாகியிருக்க வேண்டும். அப்பதிவேடு 2007 முதல் இயங்குகிறது; எவரும் இணையத்தில் பார்க்கலாம்.

படிவம் உங்களுக்கு விளங்கும் மொழியில் இருக்க வேண்டும். தமிழில் இல்லையெனில் கையொப்பமிடாதீர்கள். அவ்விடத்திலேயே முடிவு சொல்ல வேண்டும் என்பதில்லை. வீட்டுக்கு எடுத்துச் சென்று மகனிடமோ மருமகளிடமோ படித்துக் காட்டச் சொல்லி, ஓர் இரவு யோசித்து வாருங்கள். வந்து கேளுங்கள்: நான் இப்போது உண்ணும் மருந்தை நிறுத்த வேண்டியிருக்குமா? என்னைப் போன்ற வால்வு நோய் உள்ளவரிடம் இம்மருந்து முன்பே பார்க்கப்பட்டதா? மருந்துக்கும் பரிசோதனைக்கும் பணம் யார் தருவது? ஆய்வு முடிந்த பின் எனக்கு எந்த மருந்து கிடைக்கும்? நள்ளிரவில் மூக்கில் இரத்தம் வந்தால் யாரை அழைப்பது? கடைசிக் கேள்விக்கு ஒரு பெயரும் தொலைபேசி எண்ணும் படிவத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் கூறத் தேவையில்லை. சேர்ந்த பிறகு விலகிக்கொள்ளவும் முழு உரிமை உண்டு. எங்கள் சிகிச்சையில் அதனால் எந்த மாற்றமும் வாராது. ஆனால் ஆய்விலிருந்து விலகும்போது மாத்திரையையும் தாமாகவே நிறுத்திவிடாதீர்கள். முதலில் எங்களிடம் வாருங்கள். இரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் பாதுகாப்பு உடனே அகன்றுவிடும். புதிய வகை மாத்திரைகளில் அது ஓரிரு நாளிலேயே நேரும். ஒரு மருந்திலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது எத்தனை நாள் எதை உண்பது என்பதற்கு முறை இருக்கிறது.

இப்போது புதிய வகை மாத்திரை உண்பவர்கள் இக்கட்டுரையைப் படித்து அஞ்ச வேண்டாம். உங்களுக்கு உலோக வால்வோ கணிசமான மைட்ரல் சுருக்கமோ இல்லையெனில், மேலே சொன்ன எச்சரிக்கை உங்களைப் பற்றியதன்று. ஐயமிருந்தால் எக்கோ அறிக்கையை எடுத்து வாருங்கள். அதில் மைட்ரல் வால்வின் பரப்பளவு சதுர சென்டிமீட்டரில் குறிக்கப்பட்டிருக்கும். மாத்திரை அட்டையையும் உடன் கொண்டுவந்தால், இரண்டையும் வைத்து உங்கள் எதிரிலேயே பார்த்துச் சொல்லிவிடுவோம்.